அடுத்த ஆள் யார்? – தோட்டத் தொழிலில் பதவி கைமாறிய வரலாறு



தோட்டத்தில் ஒரு மண்டோர் ஓய்வு பெறுகிறார். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் இன்னொரு மண்டோர் நின்று பெயர் கூப்பிடுகிறார். ஆபீசில் இருந்த கிராணி மாற்றலாகிப் போகிறார். அந்த மாதச் சம்பளமும் தவறாமல் போடப்படுகிறது. நிர்வாகி விடைபெற்றுச் செல்கிறார். வேறொரு நிர்வாகி அதே பங்களாவுக்குக் குடி வருகிறார். ஆள் மாறினாலும் வேலை நிற்பதில்லை. இதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால், ஒரு கேள்வியை நம்மில் பலர் கேட்பதில்லை. அந்த அடுத்த ஆள் எங்கிருந்து வந்தார்? அவரைத் தேர்ந்தெடுத்தவர் யார்? அவருக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் யார்?

பெரிய நிறுவனங்கள் இன்று இதற்கென்றே தனிப் பிரிவு வைத்து நடத்துகின்றன. ஒரு பதவிக்கு அடுத்து வரக்கூடியவர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, அவர்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, பிறகு பொறுப்பை ஒப்படைக்கின்றன. இது நேற்று முளைத்த மேல்நாட்டுக் கலை என்று எண்ணிவிட வேண்டாம். எந்த வேலையை எவரிடம் விடலாம் என்பதை ஆராய்வதற்கே 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். அந்தக் கண்கொண்டு நம் தோட்டங்களின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். நம் பாட்டனும் பாட்டியும் ஏன் ஒரே படியில் நின்றார்கள், ஏறியவர்கள் எப்படி ஏறினார்கள் என்பது அப்போது விளங்கும்.

முதலில் மரத்திலிருந்து தொடங்குவோம்.

ரப்பர் மரம் இந்த மண்ணில் பிறந்ததன்று. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்தாமல், பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கும் முறையை வகுத்துக் காட்டினார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அதன்பின் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. இவர்களின் பெயர்களைப் பாட நூல்களில் படிக்கிறோம். ஆனால், ரிட்லி காட்டிய வெட்டை இருள் பிரியுமுன் எழுந்து மரம் மரமாக வெட்டியவர்கள் யார்? தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்களே. அவர்கள் ரப்பர் மரத்தை அதற்கு முன் கண்ணாலும் கண்டதில்லை.

பால் வெட்டுவது யாருக்கும் வரும் வேலை என்று வெளியிலிருப்போர் நினைக்கலாம். வெட்டியவர்களுக்குத்தான் அதன் நுட்பம் தெரியும். மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஆன பிறகே உளி படலாம். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சீராக இறங்க வேண்டும். ஒரு தடவை சீவும் பட்டை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது; போனால் பட்டை விரைவில் தீர்ந்துவிடும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். சற்றே ஆழம் மிஞ்சினாலோ உளி மரத்தின் உயிர்த்தோலைத் தொட்டுவிடும். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்துக்கு மீண்டும் வெட்டு திரும்பும்போது உளி ஓடாது. இன்று ஒருவர் செய்யும் பிழைக்கு நாளை வேறொருவர் கூலி இழக்க வேண்டும் என்பது இத்தொழிலின் இயல்பு. ஆகவே புதிய ஆளைப் பழக்காமல் மரத்தில் விடுவது தோட்டத்துக்கே கேடு.

புதியவர்களை மறுநடவுக்காகச் சாய்க்கவிருக்கும் கிழ மரங்களில் விட்டுப் பழக்குவதுண்டு. ஆனால் பெரும்பாலும் பயிற்சிக்கூடமாக இருந்தது குடும்பம்தான். தாயோடு வெளிக்காட்டுக்குப் போன பிள்ளை, முதலில் மங்கைக் கழுவியது, கட்டிப்பால் பொறுக்கியது, வாளி தூக்கியது. பிறகு ஒரு நாள் தாய் உளியைக் கையில் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்து வெட்டக் காட்டினாள். சான்றிதழ் இல்லை, பட்டமளிப்பு இல்லை. ஆனாலும் தொழில் பிசகில்லாமல் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது. தோட்டத்தின் அடிப்படிக்கு அடுத்த ஆள் எப்போதும் தயாராக இருந்தார். நிர்வாகம் அதற்காக எதையும் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. மேற்படிகளின் கதையோ வேறு.

இரண்டாவது படி கங்காணி. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்படுவதற்கு முன்பிருந்தே கங்காணி முறை வளர்ந்து வந்தது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரைத் துரை நம்பித் தேர்ந்தெடுத்து, உரிமச் சீட்டும் வழிச்செலவும் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். அவர் தம் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். அழைத்து வந்த ஆளுக்குத் தரகு உண்டு. அந்த ஆள் வேலைக்குத் திரும்பிய நாளுக்கெல்லாம் தலைக்காசும் உண்டு. தொழிலாளியாக வந்தவர் ஒரு படி ஏறுவதற்கு அக்காலத்தில் இருந்த பெரிய வாய்ப்பு இதுதான் என்பதை மறுக்க முடியாது.

ஆனால், கங்காணியைத் தேர்ந்தெடுத்த அளவுகோல் எது? அவர் எத்தனை பேரைக் கொண்டு வருவார் என்பதே முதல் கணக்கு. வேலை தெரிந்தவரா, பிறருக்குக் கற்பிக்கத் தெரிந்தவரா என்பது பின்கணக்கு. அதனால் அப்பதவி உறவின் வழியும் சாதியின் வழியும் இறங்கியது. பெரிய கங்காணியின் மகனும் மருமகனும் சின்னக் கங்காணிகள் ஆனார்கள். கங்காணியின் ஆட்களுக்குள்ளே எவ்வளவு கெட்டிக்காரர் இருந்தாலும், அவர் ஏறுவதற்கு அந்த ஏணியில் இடமில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஆள் கட்டும் வேலை நின்றதும் கங்காணியின் செல்வாக்குக்கு இருந்த ஆணிவேரே அற்றுப் போயிற்று. மரத்தையும் வேலையையும் அறிந்த மண்டோரின் காலம் பிறந்தது. வாரிசு என்பதற்காக வந்த பதவி, சூழ்நிலை மாறியதும் தாங்கவில்லை என்பதை இங்கே நாம் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது படி கிராணி. அதற்கு ஆங்கிலம் வேண்டும், கணக்கு வேண்டும். இவ்விரண்டும் படித்தவர்கள் அப்போது எங்கே கிடைத்தார்கள்? யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1816 முதல் பள்ளிகள் தொடங்கி நடத்தியதால் அங்கே ஆங்கிலக் கல்வி முன்பே வேரூன்றியிருந்தது. கேரளத்திலும் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் இருந்தனர். ஆகவே தோட்டத்து ஆபீசுகளுக்கு யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் வந்து சேர்ந்தார்கள். மலாயா ரயில்வேயிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தது இக்காரணத்தால்தான். அவர்கள் மீது குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. முன்பே பள்ளிக்கூடம் கிடைத்தவர் முன்பே ஏறினார்.

நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லையா? கிடைத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் தோட்டம் ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால், பல தோட்டங்களில் அப்பள்ளியின் ஆசிரியர் கங்காணியாகவோ, கிராணியாகவோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியாகவோ இருந்தார். எழுத்து, வாய்பாடு, சிறிது கணக்கு, அதோடு படிப்பு முடிந்தது. ஆங்கிலம் இல்லை, அடுத்த வகுப்பு இல்லை. பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளை பள்ளியை விட்டு வெளிக்காட்டுக்குத் திரும்பியது. அந்தப் பள்ளி ஆபீசுக்கு ஆள் தயார் செய்வதற்காக ஏற்பட்டதன்று. தாய் தந்தையைத் தோட்டத்தில் நிலைக்கச் செய்வதும், அடுத்த தலைமுறை வெட்டாளை வளர்ப்பதுமே அதனால் விளைந்த பயன்.

நான்காவது படி துரை. இவர் கடல் கடந்து பிரிட்டனிலிருந்து வந்தார். இருபது வயதைக் கடந்த இளைஞர் சின்னத் துரையாக வேலைக்குச் சேர்வார். அவர் எப்படிப் பெரிய துரை ஆனார் என்பதைப் பார்த்தால், முறையான பயிற்சி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளலாம். விடியற்காலைப் பெரட்டுக்கு வர வேண்டும். மண்டோரோடு வெளிக்காடு சுற்ற வேண்டும். நாற்றங்கால், மறுநடவு, ஸ்டோர், புகைக்கூடு, கணக்கு என்று ஒவ்வொரு பிரிவிலும் சில காலம் இருக்க வேண்டும். தோட்ட அதிகாரிகளுக்கென்று 1919இல் ஒரு சங்கம் ஏற்பட்டது. அது பத்திரிகை வெளியிட்டது, தேர்வுகள் நடத்தியது. சின்னத் துரைமார் தமிழ் கற்றுத் தேர்வில் தேற வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. தேறியவருக்கே சம்பள உயர்வும் பதவி உயர்வும் எளிதாகக் கிட்டின.

நேயர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். துரை மேலே போக வேண்டும் என்பதற்காகத் தொழிலாளியின் மொழியை அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். தொழிலாளியின் பிள்ளை மேலே வர வேண்டும் என்பதற்காகத் துரையின் மொழியை அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தார்களா? இல்லை. ஏணி இருந்தது, மண்டோருக்கும் கிராணிக்கும் நடுவில் ஒரு படியும், கிராணிக்கும் துரைக்கும் நடுவில் இன்னொரு படியும் பிடுங்கப்பட்டிருந்தன. நம்மவருக்குத் திறமையில்லை என்று சொல்லப்பட்டதெல்லாம் இந்தப் பிடுங்கப்பட்ட படிகளை மறைத்த பேச்சே.

அது வெறும் பேச்சு என்பதை வரலாறே ஒரு முறை மெய்ப்பித்துக் காட்டிற்று. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. பத்து வாரம் நிறைவதற்குள், 1942 பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளைத் துரைமார் சிலர் கப்பலேறினர். சிலர் படையில் சேர்ந்தனர். பலர் சிறை முகாம்களில் அடைபட்டனர். தோட்டங்கள் என்ன ஆயின? பல தோட்டங்களில் கிராணிமாரும் மண்டோர்மாரும் பொறுப்பில் நின்றனர். அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. ஒப்படைப்புச் சீட்டும் எழுதவில்லை. ரப்பருக்குச் சந்தை இல்லாத காலம் அது. மரத்தடியிலும் வெற்று நிலத்திலும் மரவள்ளி நட்டு உயிர் காக்க வேண்டியிருந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைப் பிடித்துச் சென்றனர். அவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அத்தகைய கொடிய காலத்தில், இருந்த அரிசியைப் பங்கிட்டு, கணக்கை வைத்து, எஞ்சியவர்களைக் காத்து நின்றவர்கள் நம்மிடையே வாழ்ந்த ஆட்களே.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பினர். பழைய துரைமார் பழைய பங்களாவுக்கு வந்தனர். நெருக்கடியில் பொறுப்பேற்றவர்கள் மறுபடியும் பழைய நாற்காலிக்கே போக வேண்டியதாயிற்று. ஆனால் ஒன்று மாறிவிட்டது. துரை இல்லாவிட்டால் தோட்டம் இல்லை என்ற எண்ணம் அதன்பின் பழையபடி நிலைக்கவில்லை.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. சிதறிக் கிடந்த தோட்டச் சங்கங்கள் சில இணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சம்பள உயர்வுக்குப் போராடிய இயக்கமாகவே நாம் அதைப் பேசுகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளை வைத்துப் பார்த்தால், அது ஒரு பெரிய பயிற்சிக்கூடமும் ஆகும். காலையில் பால் வெட்டியவர் மாலையில் கிளைக் கூட்டத்தின் குறிப்பை எழுதினார். சந்தாக் கணக்கைப் பார்த்தார். நிர்வாகியின் எதிரே நாற்காலியில் அமர்ந்து பேசக் கற்றார். தோட்ட நிர்வாகம் கொடுக்க மறுத்த பயிற்சியைச் சங்கம் கொடுத்தது. அச்சங்கத்தின் பொதுச்செயலாளராக இருந்த பி. பி. நாராயணன் 1975இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மலேசியத் தோட்டத் தொழிலாளர்களின் பிரதிநிதி ஒருவர் உலகத் தொழிலாளர் மேடைக்குத் தலைமை தாங்கினார் என்பது சிறிய செய்தியா?

1957இல் நாடு விடுதலை அடைந்தது. அதை ஒட்டி அரசாங்கப் பணிகளில் வெள்ளையர் வகித்த பதவிகளைப் படிப்படியாக உள்நாட்டவரிடம் ஒப்படைக்கத் திட்டம் வகுத்தார்கள். தோட்டங்களிலோ வேறு வகையான மாற்றம் முந்திக்கொண்டது. 1950களிலும் 1960களிலும் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். தோட்டம் துண்டானதும் வேலை போயிற்று. வேலை போனதும் லயத்து வீடும் போயிற்று. இந்த ஆபத்தைக் கண்டு, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேமிக்கச் சொன்னார். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. நேற்று வரை பால் வெட்டியவர் இன்று பங்குதாரர் ஆனார்.

இங்கே ஒரு புதிய கேள்வி முளைத்தது. நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். நடத்தும் திறமையை எந்தச் சந்தையில் வாங்குவது? உடைமை கைக்கு வந்த பிறகும் நிர்வாகி வேண்டும், கணக்கர் வேண்டும், மறுநடவுக்குத் திட்டமிடத் தெரிந்தவர் வேண்டும். கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கத் தெரிந்த உறுப்பினரும் வேண்டும். இவர்களைச் சமுதாயமே உருவாக்க வேண்டும் என்ற பாடத்தை அச்சங்கம் நமக்குக் கற்பித்தது. 1979இல் சம்பந்தன் மறைந்தார். அவரோடு சங்கம் மறைந்துவிடவில்லை. அடுத்தவர்கள் பொறுப்பேற்று நடத்தினார்கள். ஒரு தலைவரின் பெருமையை அவர் இருக்கும் காலத்தில் மட்டும் அளந்தால் போதாது. அவர் போன பிறகு அவர் தொடங்கியது நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது அச்சட்டம். வெளிநாட்டவர் வகித்த உயர் பதவிகள் உள்நாட்டவருக்குத் திறக்க இது ஒரு வழி செய்தது. அதே சட்டம் நம் லயங்களையும் தாக்கிற்று. முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்தும் குடியுரிமைப் பத்திரம் எடுக்காமல் இருந்துவிட்ட ஆயிரக்கணக்கானோர் 1969ஆம் ஆண்டிலும் அதையொட்டியும் ரஜூலா முதலிய கப்பல்களில் ஏறி நாகப்பட்டினமும் சென்னையும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களோடு அவர்கள் கைப்பழக்கமும் போயிற்று. ஒரு தாளில் கையெழுத்து இல்லாததால் ஒரு தலைமுறையின் அனுபவம் துறைமுகத்தைக் கடந்து போன கதையை நம் வீடுகளில் இன்னும் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

உயர் பதவிகளில் மாற்றம் மெல்ல மெல்ல நடந்தது. உள்நாட்டு இளைஞர்கள் சின்னத் துரையாகச் சேர்ந்து, தேர்வு எழுதி, நிர்வாகிகள் ஆனார்கள். அதன் பயன் 1981இல் தெரிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் காலை, லண்டன் பங்குச் சந்தையில் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி நிறுவனத்தின் பங்குகளைச் சில மணி நேரத்தில் வாங்கி அதைத் தன் வசமாக்கியது. நூற்றாண்டு கடந்த நிறுவனம் ஒரே காலையில் கைமாறிற்று. மறுநாள் வழக்கம்போல் பெரட்டு நடந்தது, பால் வெட்டப்பட்டது. ஏன்? தோட்டங்களை அன்றாடம் நடத்தும் ஆட்களில் பெரும்பாலோர் அதற்குள் உள்நாட்டவராகவே இருந்தார்கள். 1942இல் ஆயத்தமில்லாமல் வந்த மாற்றத்தையும் 1981இல் ஆயத்தத்தோடு வந்த மாற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஆள் தயார் செய்வதன் அருமை விளங்கும்.

ஆனால் அதே 1981இல் இன்னொரு மாற்றமும் நடந்தது. அது செய்தித்தாள்களில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வாணிபப் பயிராகத் தொடங்கிய செம்பனை, 1960களுக்குப் பிறகு ரப்பரின் இடத்தை வேகமாகப் பிடித்துக்கொண்டது. செம்பனையின் பெண் பூக்களுக்கு மகரந்தம் தூவும் வேலையைப் பல தோட்டங்களில் நம் பெண்கள் செய்து வந்தனர். மரம் மரமாகப் போய், பருவமறிந்து, பூவறிந்து தூவ வேண்டிய நுட்பமான வேலை அது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டை ஜோகூர், குளுவாங் பகுதித் தோட்டத்தில் விட்டார்கள். அந்த வண்டு அவ்வேலையைத் தானே செய்தது. விளைச்சல் பெருகிற்று, நாட்டுக்கு நன்மை. ஆனால், மகரந்தம் தூவிய கைகளுக்குச் சில காலத்துக்குள் வேலை இல்லாமற் போயிற்று.

அப்பெண்களிடம் இருந்த கவனமும் பொறுமையும் பூவைப் பார்த்துப் பருவம் சொல்லும் அறிவும் வண்டு வந்ததும் மறைந்துவிட்டனவா? இல்லை. நாற்றங்காலிலோ, விளைச்சல் தரம் பார்ப்பதிலோ, மேற்பார்வையிலோ அவற்றைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால், மண்டோர் பதவி பெண்களுக்கு எட்டியது மிக மிக அரிது. தோட்டத்தின் உழைப்பில் பெரும் பங்கு பெண்களுடையதாக இருந்தும், அடுத்த ஆள் யார் என்ற கேள்வி எழும்போது அவர்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1980களிலும் 1990களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. அப்போது பட்டணத்துக்குப் பெயர்ந்த குடும்பங்கள் கொண்டு போனது ஒரே ஒரு தொழிலைத்தான். பட்டணத்தில் அத்தொழிலுக்கு மரமே இல்லை. பதவிக்கு ஆள் தேடினால் மட்டும் போதாது. ஆளுக்குள் இருக்கும் திறமைக்கும் அடுத்த இடம் தேட வேண்டும் என்பதை இந்த அனுபவம் நமக்கு விலை வாங்கிக்கொண்டு கற்பித்தது.

சரி, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

கங்காணி முறையில் உறவு பதவியை நிர்ணயித்தது. துரை முறையில் நிறம் நிர்ணயித்தது. இரண்டிலும் வெளியே நிறுத்தப்பட்டது திறமை. இதைச் சொல்லி வெள்ளைக்காரரைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. நம் கோயில் நிர்வாகத்தைப் பார்ப்போம். நம் சங்கக் கிளையைப் பார்ப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் பார்ப்போம். இருபது ஆண்டுகளாக ஒரே பொருளாளர். கணக்குப் புத்தகம் அவர் வீட்டு அலமாரியில். அவருக்கு உடல்நலம் குன்றினால் எந்த ரசீது எங்கே என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட இடங்கள் நம்மிடையே இல்லையா? "நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது" என்று பெருமையாகச் சொல்பவர், தம் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களைப் போன்றோருக்கு ஓர் எளிய முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் நீ செய்து காட்டு. பிறகு மாணவனோடு சேர்ந்து செய். பிறகு அவன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார். கடைசியில் விலகி நில். இம்முறை வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. அந்தக் காலத்துத் தாய் உளி பிடிக்கக் கற்றுக் கொடுத்ததும் இந்த ஒழுங்கில்தான். இவற்றில் நான்காவது படிதான் பெரியவர்களுக்கு மிகக் கடினம். விலகி நிற்காதவரை, கற்றவர் கற்றது யாருக்கும் தெரியப் போவதில்லை.

வேலை செய்யும் இடத்திலும் கேட்டுப் பெற வேண்டியவை உண்டு. மனிதவள மேம்பாட்டுக்கென்று 1992இல் நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பின்னர் விரிவாக்கப்பட்ட அத்திட்டத்தில் 2021 முதல் விவசாயத் துறையும் சேர்ந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்கு ஈடான தொகையைப் பயிற்சிக்கென்று தம் கையிலிருந்து கட்ட வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் அதைப் பிடிக்கக்கூடாது. அந்தப் பணம் தொழிலாளியைப் பயிற்றுவிப்பதற்காகவே உள்ளது. "எங்களுக்கு என்ன பயிற்சி இருக்கிறது?" என்று பணிவோடு கேட்பது நம் உரிமை. அதுபோலவே, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், வகுப்பில் முழு நேரம் அமராமலே, செய்த வேலைக்குரிய ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டில் தேறி, மலேசியத் திறன் சான்றிதழ் பெறவும் வழி இருக்கிறது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுவிட்டதே என்று வருந்தும் தாய்மார்களும் இளைஞர்களும் இதை விசாரித்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே, ஒரு வார்த்தை. நீங்கள் கற்ற தொழிலைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை. மரத்தின் பட்டையில் மில்லிமீட்டர் அளவு பார்த்த கண், எந்தப் பட்டறையிலும் எந்த ஆய்வுக்கூடத்திலும் மதிப்புப் பெறும். ஆனால் அந்தத் தொழிலோடு பிள்ளையைக் கட்டிப் போட்டுவிடாதீர்கள். வகுப்பில் பெயர் கூப்பிடும் பொறுப்பை ஆசிரியர் உங்கள் மகளுக்குக் கொடுத்தால், "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று தடுக்காதீர்கள். கோயில் திருவிழாவில் மகன் கணக்கு எழுத விரும்பினால், பக்கத்தில் உட்கார வைத்து எழுத விடுங்கள். இப்படிச் சிறு பொறுப்புகளில் பழகிய கைகள்தாம் பிறகு பெரிய பொறுப்புகளைத் தாங்குகின்றன.

நம் முன்னோர்கள் ஏறுவதற்கு ஏணியில் படிகள் இல்லாமல் இருந்தன. இன்று படிகள் பல போடப்பட்டுள்ளன. இன்னும் போட வேண்டியவையும் உண்டு. உங்கள் தோட்டத்தில், உங்கள் சங்கத்தில், உங்கள் வீட்டில், இப்போது நீங்கள் செய்யும் வேலையை நாளை யார் செய்யப் போகிறார்? அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால், அவருக்குக் கற்றுக் கொடுக்க இன்றே தொடங்குங்கள்.